மயில் மேல் ஒரு தியாகி



திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை மேலே நெல்லிவாசல்நாடு இருக்கிறது. சாமை விளையும் பூமி. கதிர் முற்றும் சமயத்தில் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். குரல் கொடுத்து விரட்டினால்தான் தானியம் வீடு வந்து சேரும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலை நன்றாகவே தெரியும்.

இதே வேலையைச் செய்த பெண்தான் வள்ளி. தினைப்புனத்துப் பரண் மீது நின்று அவள் பறவைகளை ஓட்டுவாள். முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து அவளை மணந்துகொள்வார். இந்தக் கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் 'வள்ளி திருமணம்' என்ற நாடகமாக எழுதினார். ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும்.

இந்தச் சாமி கதையை வைத்தே ஒருவர் வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்தார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் தியாகி விசுவநாததாஸ்.

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பம். சின்ன வயதிலேயே பாட்டு அவருக்கு நன்றாக வந்தது. கணீரென்ற குரல். நாடக மேடை ஏறினார். முருகன் வேடம் என்றால் அவர்தான் என்று பெயர் வாங்கினார். பிறகு மதுரைக்கு அருகில் உள்ள திருமங்கலத்தில் குடியேறினார்.

காந்தியடிகளின் சுதந்திரப் போராட்டம் அவரை ஈர்த்தது. கதராடை உடுத்தினார். மேடையையே தன் போர்க்களமாக்கினார்.

எப்படித் தெரியுமா? வள்ளி பறவை ஓட்டும் காட்சியில் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வரும். அதை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கேட்டால் சாதாரணக் கொக்குப் பாட்டு போலத்தான் இருக்கும். ஆனால், எங்கிருந்தோ பறந்து வந்து நம் மண்ணில் வயிறு வளர்க்கும் அந்த வெள்ளைக் கொக்கு யார் என்பது ஜனங்களுக்குப் புரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், செய்தித்தாளையே பார்க்காதவர்களும் அந்தப் பாட்டால் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டார்கள்.

போலீசாருக்கும் புரிந்துவிட்டது! நாடகங்களைத் தடை செய்ய 1876லேயே ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். விசுவநாததாஸ் பலமுறை கைதாகிச் சிறை சென்றார். வெளியே வந்ததும் மீண்டும் மேடை ஏறி அதே பாட்டைப் பாடினார். கடன் ஏறியது. உடம்பு தளர்ந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அவருக்கு இன்னொரு போராட்டமும் இருந்தது. அது நம் ஜனங்களோடு! மேடையில் அவர் முருகனாக வந்தால் கைகூப்பிக் கும்பிட்டவர்கள் உண்டு. வேடத்தைக் கலைத்துவிட்டால் அவருடைய சாதியைச் சொல்லி ஒதுக்கினார்கள். அவருக்கு ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்தார்கள். அப்போது துணிந்து முன்வந்து நடித்தவர் கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் இவர் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

1940ஆம் ஆண்டு, டிசம்பர் 31. சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகம். முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடினார் விசுவநாததாஸ். பாடிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 54. அவர் ஏங்கிய சுதந்திரம் 1947இல் வந்தது. பார்க்க அவர் இல்லை. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

முருகன் கதையில் தேசப் பாட்டு எதற்கு என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். எல்லோரும் பாடுகிற மாதிரியே அவரும் பாடியிருந்தால், நல்ல நடிகர் என்ற பெயரோடு நின்றிருப்பார். தன் மனதுக்குச் சரி என்று பட்டதைப் பாடியதால்தான் தியாகி ஆனார்.

உங்கள் ஊரில் அடுத்த முறை நாடகமோ, தெருக்கூத்தோ நடந்தால், தூக்கம் வந்தாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பாடுகிறவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காதீர்கள். என்ன பாடுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆட்டம் முடிந்து வேடம் கலைத்து அவர் வெளியே வரும்போதும், அதே மரியாதையோடு ஒரு வணக்கம் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?