ஏகபோகத்தை உடைத்த போட்டி: கிரஹம் பெல்லின் வாழ்வு உணர்த்துவது

உடப்புசல்லாவை தோட்ட லயன்களில் கையடக்கத் தொலைபேசி இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. மத்திய கிழக்கில் பணிபுரியும் தாயுடன் பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசுகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்னரோ, மலையகத்தில் தொலைபேசி என்பது பெரும்பாலும் துரை பங்களாவுக்கும் தொழிற்சாலை அலுவலகத்துக்கும் தபாலகத்துக்குமே உரியதாக இருந்தது. இம்மாற்றத்தின் பொருளை உணர, அக்கருவியைத் தந்த அலெக்ஸாண்டர் கிரஹம் பெல்லின் வாழ்வையும், அவரது பெயரில் வளர்ந்த ஏகபோகத்தின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

1847 மார்ச் 3ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பெல் பிறந்தார். தந்தை பேச்சுப் பயிற்சி ஆசிரியர். தாய் செவிப்புலன் குன்றியவர். சகோதரர் இருவரையும் காசநோய் காவுகொள்ளவே, 1870இல் குடும்பம் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு பொஸ்டன் நகரில் செவிப்புலனற்ற மாணவருக்குக் கற்பிக்கும் பணியைப் பெல் ஏற்றார். மாணவி மேபலின் தந்தை கார்டினர் ஹபார்ட் அவரது ஆய்வுகளுக்குப் பண உதவி புரிந்தார். வெஸ்டர்ன் யூனியன் கம்பனியின் தந்தி ஏகபோகத்தைக் கடுமையாக எதிர்த்தவர் ஹபார்ட். அவரே பின்னர் புதியதோர் ஏகபோகத்துக்கு அடித்தளமிட்டது வரலாற்றின் விசித்திரம்.

1876 மார்ச் 7இல் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது. 1877 ஜூலையில் பெல் தொலைபேசிக் கம்பனி உருவானது. அதே மாதம் மேபலை மணந்த பெல், தமது பங்குகளில் பத்தைத் தவிர ஏனையவற்றை மனைவிக்கே பரிசளித்தார். சில ஆண்டுகளில் கம்பனி அலுவல்களிலிருந்தும் விலகி, ஆய்விலும் செவிப்புலனற்றோர் கல்வியிலும் ஈடுபட்டார். எனினும், சைகை மொழியை அவர் ஊக்குவிக்காமை இன்றும் அச்சமூகத்தினரின் விமர்சனத்துக்கு உரியதாகவே உள்ளது.

கம்பனியோ காப்புரிமையை வாளாகப் பயன்படுத்தியது. நூற்றுக்கணக்கான வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1879இல் வெஸ்டர்ன் யூனியன் கூடத் தொலைபேசித் துறையை விட்டு வெளியேறியது. போட்டியற்ற அக்காலத்தில் கட்டணம் உயர்ந்திருந்தது. இலாபம் தராத கிராமங்கள் புறக்கணிக்கப்பட்டன.

1893, 1894ஆம் ஆண்டுகளில் மூலக் காப்புரிமைகள் காலாவதியாகின. ஆயிரக்கணக்கான சுயாதீனக் கம்பனிகள் முளைத்தன. விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து வேலிக் கம்பிகளையே தொலைபேசிக் கம்பிகளாக்கிய இடங்களும் உண்டு. 1907 அளவில் அமெரிக்கத் தொலைபேசிகளில் ஏறக்குறைய பாதி இவர்கள் வசமிருந்தது. ஆனால் பெல் குழுமம் தனது இணைப்புகளைப் பிறருடன் பொருத்த மறுத்தது; போட்டியாளரை விலைக்கும் வாங்கியது. 1913இல் அரசின் அழுத்தத்தால் தொலைதூர இணைப்பை வழங்க அது உடன்பட்டபோதிலும், ஏகபோகம் நீடித்தது. 1984 ஜனவரி முதலாம் திகதியே அது உடைக்கப்பட்டு, உள்ளூர்ச் சேவை ஏழு பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது.

அதைக் காணப் பெல் இருக்கவில்லை. 1922 ஆகஸ்ட் 2இல் கனடாவில் அவர் காலமானார். இறுதிச் சடங்கின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் மௌனித்து அஞ்சலி செலுத்தின.

இலங்கையில் அரச திணைக்களமொன்றின் கையிலிருந்த தொலைபேசித் துறையில், 1989இல் செல்டெல் நிறுவனம் கையடக்கச் சேவையைத் தொடங்கியது. 1996இல் சன்டெல், லங்கா பெல் ஆகியன நிலையான தொலைபேசிச் சேவைக்குள் நுழைந்தன. அமெரிக்காவில் ஏகபோகத்தைக் குறித்த பெல் என்னும் பெயர், இங்கு போட்டியாளரின் பெயராயிற்று. 2002 வரை வெளிநாட்டு அழைப்பு ஸ்ரீலங்கா டெலிகொம் வசமே இருந்தது. அத்தனியுரிமை முடிவுற்றபின் கட்டணம் சரிந்தது. கடல் கடந்து உழைக்கும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு அதனால் விளைந்த ஆறுதல் அளவிடற்கரியது.

ஆயினும் சக்கரம் மறுபுறம் சுழல்கின்றது. ஐந்தாக இருந்த கையடக்கச் சேவை நிறுவனங்கள், 2018இலும் 2024இலும் நிகழ்ந்த இணைப்புகளால் மூன்றாகக் குறைந்துள்ளன. போட்டி தானாக நிலைப்பதில்லை என்பதே பெல் கம்பனியின் வரலாறு தரும் பாடம். சமிக்ஞை எட்டாத மலையகப் பள்ளத்தாக்குகள் இன்னும் உள்ளன. அங்கு வாழ்வோரின் நலனையும் கட்டண நியாயத்தையும் காப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தலையாய கடமையாகும்.