இலக்கண ஆசான் லிண்ட்லி மறே

எமது கல்லூரியின் கீழ்வகுப்புகளில் ஆங்கிலம் பயின்ற எவரும் சிவப்பு மையை மறந்திருக்கமாட்டார். தம்பியும் நானும் கோயிலுக்குப் போனோம் என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த சிறுவன், தன்னைச் சுட்டுமிடத்தில் 'ஐ' என எழுதாது 'மீ' என எழுதிவிட்டால், ஆசிரியரின் பேனா அச்சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் இடும். தன்னை முற்கூறித் தம்பியைப் பிற்கூறினாலோ இரண்டாவது வட்டமும் விழும். பிறரை முன்னிறுத்தித் தான் பின்னிற்றல் பணிவு என்பது அதற்குக் காரணம். அச்சிறுவனே வளர்ந்து உத்தியோகம் பெறுகின்றான். உமக்கும் எனக்கும் இடையில் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரைகின்றான். 'மீ' வரவேண்டிய இடம் அது. ஆயினும் பழைய வட்டம் நினைவுக்கு வர, கை நடுங்கி 'ஐ' என எழுதிவிடுகின்றான். ஒரு பிழைக்கு அஞ்சி மற்றொரு பிழையைத் தேடிக்கொள்ளும் இந்த விந்தையை நாமும் எமது வாழ்நாளிற் பலமுறை புரிந்துள்ளோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அவ்வட்டங்களுக்குப் பின்னால் நிற்கும் விதிகளைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்ற வடிவில் தொகுத்து, அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் பரப்பிய பெரியார் ஒருவர் இருந்தார். அவர் தொழிலால் ஆசிரியரல்லர், இங்கிலாந்திற் பிறந்தவருமல்லர். வழக்கறிஞராயும் வணிகராயும் வாழ்ந்து, உடல் தளர்ந்து நாற்காலியில் அமர்ந்தபின்னரே இலக்கணம் எழுதத் தொடங்கியவர். லிண்ட்லி மறே என்னும் அப்பெரியாரின் வரலாற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

மறே 1745 ஆம் ஆண்டில், அக்காலத்திற் பிரித்தானியக் குடியேற்ற நாடாக விளங்கிய பென்சில்வேனியாவிலே, சுவற்றாறா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் றொபேட் மறே மாவாலை நடத்திப் பின் பெருவணிகராக உயர்ந்தவர். நியூ யோர்க் நகரில் மறே குன்று என இன்றும் வழங்கும் பகுதி அக்குடும்பத்தின் பெயராலேயே வழங்குகின்றது. குடும்பத்தார் குவேக்கர் எனப்படும் நண்பர் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். எளிமையும் அமைதியும் அவர்தம் ஒழுக்கம்.

மைந்தன் தம் வணிகத்தை ஏற்கவேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம்; மைந்தனின் நாட்டமோ நூல்களின்மேற் சென்றது. தாம் பெரிதெனக் கருதாத ஒரு தவறுக்காகத் தந்தையார் தண்டித்ததைப் பொறாத சிறுவன், ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு நீங்கி, நியூ ஜேர்சியிலுள்ள பேளிங்ரன் என்னும் ஊரை அடைந்தான். வீட்டை விட்டு ஓடுஞ் சிறுவர் கப்பலையோ படையையோ நாடுவது வழக்கம். இச்சிறுவன் நாடியது ஒரு விடுதிப் பாடசாலையை. அங்கே அமர்ந்து பிரெஞ்சு மொழி பயிலத் தொடங்கினான். உறவினர் கண்டறிந்து அழைத்துவந்தபின் தந்தையாரும் மனம் இளகி, கற்பிக்க ஆசிரியரை அமர்த்தியதோடு, காலப்போக்கிற் சட்டம் பயிலவும் இசைந்தார். சட்டம் பயின்ற இடத்தில் அவருடன் பயின்றவர் ஜோன் ஜே. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் முதற் பிரதம நீதியரசராக விளங்கியவர் அவரே.

1767 ஆம் ஆண்டில் மறே ஹன்னா டொப்சன் என்னும் மங்கையை மணந்தார். வழக்கறிஞர் தொழிலும் செவ்வனே நடந்தது. அமெரிக்கப் புரட்சிப் போர் மூண்டபோது தொழிலை விட்டு, லோங் தீவிலுள்ள இஸ்லிப் என்னும் ஊரிற் சில ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். பின்னர் பிரித்தானியப் படையின் வசமிருந்த நியூ யோர்க்குக்கு மீண்டு வணிகத்தில் ஈடுபட்டுப் பெரும் பொருள் ஈட்டினார். நாற்பது வயதை எட்டுமுன்னரே ஓய்வு பெற்று, ஆற்றங்கரையிலே ஓர் அழகிய மாளிகையில் அமர்ந்தார்.

செல்வம் வந்தது, உடல்நலம் போயிற்று. காய்ச்சலின் பின் தசைகள் வலுவிழந்தன. சிறிது நடந்தாலும் சோர்வு மிகுந்தது. குளிர்ந்த தட்பவெப்பம் நலம் பயக்குமென மருத்துவர் கூற, 1784 ஆம் ஆண்டில் மனைவியாரோடு கப்பலேறினார். போர்க்காலத்திற் பிரித்தானியர் பக்கம் நின்று வணிகம் செய்த குடும்பத்துக்கு அந்நாட்டில் இருந்த இடர்ப்பாடும் இப்பயணத்துக்கு ஒரு காரணமாகலாம் என இக்கால வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், யோர்க் நகரை அடுத்த ஹோல்கேற் என்னும் சிற்றூரில் அவர் வாங்கிய இல்லமே எஞ்சிய வாழ்நாளுக்கெல்லாம் உறைவிடமாயிற்று. பிறந்த நாட்டை அவர் மறுபடி காணவில்லை.

ஆங்கே முதலிற் சிறிது தேறிய உடல் மீண்டும் தளர்ந்தது. நடத்தலை அறவே விடுத்து நாள்முழுதும் அமர்ந்திருப்பவரானார். இயன்ற வரையில் வண்டியேறி வெளியே சென்றுவந்தார். வாழ்வின் இறுதிப் பதினாறு ஆண்டுகளிலோ வீட்டை விட்டு வெளியேறவுமில்லை. தாவரவியலில் அவர் பெருவிருப்புடையவர். கியூ அரச பூங்காவினும் மிக்க செடிவகைகள் அவர் தோட்டத்தில் உள்ளன என்று அக்காலத்தார் வியந்தனர். அத்தோட்டத்தில் நின்ற சிறு மண்டபம் பின்னர் யோர்க் நகரிலுள்ள குவேக்கர் பெண்கள் பாடசாலை வளவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பேணப்பட்டது.

பாடசாலைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பே இவ்வரலாற்றின் திருப்புமுனை. யோர்க் நகரிற் குவேக்கர் நடத்திய பெண்கள் பாடசாலையில் இளம் ஆசிரியைகள் சிலர் பணிபுரிந்தனர். இலக்கணம் கற்பிக்க ஏற்ற எளிய நூல் அவர்களுக்குக் கிட்டவில்லை. மறே அவர்களைத் தம் இல்லத்துக்கு வரச்செய்து பாடஞ் சொல்லிக்கொடுத்தார். அப்பாடங்களை நூலாக்கித் தருமாறு அவர்கள் வேண்டினர். முதலில் மறுத்தவர் ஈற்றில் இசைந்தார். இவ்வாறு 1795 ஆம் ஆண்டில் அவருடைய ஆங்கில இலக்கணம் வெளிவந்தது. ஒருசில பாடசாலைகளுக்குப் பயன்பட்டாற் போதும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. அந்நூலோ பதிப்பின்மேற் பதிப்பாக வளர்ந்து, மூலமும் சுருக்கமுமாக இலட்சக்கணக்கிற் பரவியது. 1797 இற் பயிற்சி நூலும் அதற்குரிய விடைநூலும், 1799 இல் வாசக நூலும் தொடர்ந்தன. ஆபிரகாம் லிங்கன் இளமையிற் போற்றிப் பயின்ற நூல்களுள் அவ்வாசகமும் ஒன்று. ஹேமன் மெல்வில் 1851 இல் எழுதிய திமிங்கிலக் கதையிலே, கப்பற் சிறுவன் ஒருவன் வினைச்சொல்லைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என அடுக்கிச் சொல்ல, கேட்ட மாலுமி இவன் மறேயின் இலக்கணம் படித்தவன் என எண்ணுகின்றான். கடல்நடுவிலும் அப்பெயர் விளக்கம் வேண்டாத பெயராயிருந்தது.

இனி, நூலினுள்ளே சிறிது நுழைவோம். எழுத்து, சொல், சொற்றொடர், யாப்பு என நான்கு பகுதிகளாக அமைந்த அந்நூலின் தொடரியற் பகுதியில் இருபத்திரண்டு விதிகள் உள. அவற்றுள் மூன்று எமது பழைய சிவப்பு வட்டங்களுக்கு நேர் உரியவை. இணைப்புச் சொல் ஒன்றாற் சேர்க்கப்படும் பெயர்கள் ஒரே வேற்றுமையில் நிற்கவேண்டும் என்பது ஒன்று. முன்னிடைச் சொல்லைத் தொடர்வது செயப்படுபொருள் வடிவத்தை ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. ஒப்புமை காட்டும் 'தான்' என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லின்பின் எவ்வடிவம் வரும் என்பது மூன்றாவது. ஆங்கே தொக்கு நிற்கும் வினையை விரித்துப் பார்த்து, எழுவாயானால் 'ஐ' எனவும் செயப்படுபொருளானால் 'மீ' எனவும் கொள்ளவேண்டும். முதலிரு விதிகளையும் சேர்த்து நோக்கின் ஐயம் தீரும். உடன்வரும் பெயரை நீக்கிவிட்டுத் தனியே நின்றால் எச்சொல் பொருந்துமோ, அச்சொல்லே பெயரோடு சேர்ந்தபோதும் பொருந்தும்.

தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. உனக்கும் எனக்கும் என்று இரு சொற்களுக்கும் உருபு கொடுத்தே நாம் பேசுகின்றோம். உனக்கும் நானும் என எக்குழந்தையும் மயங்குவதில்லை. ஆங்கிலத்திலோ பெயர்ச்சொற்கள் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வேறு வடிவம் கொள்வதில்லை. மூவிடப் பெயர்களுட் சிலவே அப்பழைய வேற்றுமையைக் காத்து நிற்கின்றன. வடிவம் மாறாத பெயரின் அருகே நிற்கும்போது 'ஐ', 'மீ' என்னும் சொற்கள் தம் காவலை இழந்து தடுமாறுகின்றன.

மறே இவ்விதிகளைத் தாமே கண்டவரல்லர். 1762 இல் இலக்கணம் வெளியிட்ட இறொபேட் லோத் என்னும் சமயத் தலைவரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் பெரும்பகுதியை அவர் எடுத்துக்கொண்டார். தம் நூல் தொகுப்பே என்பதை அவர் மறைக்கவுமில்லை. பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை இரண்டே என முதலிற் கூறியவர், பிந்திய பதிப்புகளில் மூன்றெனத் திருத்திக்கொண்டார். பிறரைத் திருத்துபவர் தம்மையும் திருத்திக்கொள்ளுதல் அரிய பண்பு அன்றோ!

ஆயினும் அவர்மேற் குறை கூறுவாரும் உளர். பேச்சில் வாழும் ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்த்துவிட்டார் என்பர். அவருக்கு முன்னரே, வேதியியலிற் புகழ்பெற்ற ஜோசேப் பிறீஸ்ற்லி தம் இலக்கண நூலில், நான்தான் என விடையிறுக்கும்போது மக்கள் 'மீ' என்பதை இலக்கணகாரர் கண்டிப்பது இலத்தீன் முறையை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுவதேயாகும் என ஐயுற்றார். மறேயின் நூல் வழி வந்த பள்ளிக்கூடக் கண்டிப்பே மக்களை 'மீ' என்ற சொல்லுக்கு அஞ்சச் செய்தது என்று கூறுவாரும் உளர். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மறே பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் முன்னரே, சேக்ஸ்பியரின் வெனிசு நகர வணிகன் நாடகத்தில் அன்ரோனியோ வரையும் கடிதத்தில், இடையில் என்னும் சொல்லின்பின் 'மீ' வரவேண்டிய இடத்தில் 'ஐ' வந்துள்ளது. அக்கடிதத்தை எழுதிய கைக்குச் சிவப்பு மை தெரியாது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று முன்னிலைக்கு வழங்கும் 'யூ' என்பது முற்காலத்திற் செயப்படுபொருள் வடிவம்; எழுவாயாக நின்ற 'யீ' என்னும் சொல்லைத் தள்ளிவிட்டு அதனிடத்தில் அமர்ந்தது. அதனை இன்று பிழையென எவரும் கூறார். நேற்றைய வழு இன்றைய வழக்காதல் மொழியின் இயல்பு. எம் நன்னூலாரும் கால ஓட்டத்திற் சொற்கள் மாறுவதை வழுவெனக் கொள்ளவில்லை. ஆனால், எது இன்னும் வழக்காகவில்லை என்பதை அறிந்தவனே துணிந்து எழுத வல்லவன். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞனின் ஒரு சொல்லைக் கொண்டே அவன் கல்வியை எடைபோடுவார் இன்றும் உளர். விதியை அறிந்தவனுக்கு அவர்கள்முன் அச்சமில்லை. பாதி அறிந்தவனுக்கே அச்சம்.

மறே தம் நூல்களால் வந்த பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாது அறத்துக்கே ஈந்தார். 1826 ஆம் ஆண்டில் ஹோல்கேற் இல்லத்தில் அமைதியாக உயிர்நீத்து, யோர்க் நகரின் குவேக்கர் இடுகாட்டில் அடக்கம் பெற்றார். மனைவியார் 1834 இல் மறைந்தார். மறே விட்டுச்சென்ற பொருளின் ஒரு பகுதி, அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் விடுதலைக்கும் கல்விக்கும், அமெரிக்கப் பழங்குடிகளின் நலனுக்கும், நன்னூல்களைப் பரப்புதற்குமென நியூ யோர்க்கில் நிதியமாக அமைந்தது.

தண்டனைக்கு அஞ்சி வீட்டை விட்டோடிய சிறுவனே, பிற்காலத்திற் பிள்ளைகள் தண்டனை பெறுதற்குக் காரணமான நூலை எழுதினார் என எண்ணும்போது எமக்கு நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. அவர் கருதியது தண்டனையன்று. நடக்கவியலாத ஒருவர், கற்பிக்க வழியறியாது நின்ற சில இளம் ஆசிரியைகளுக்குக் கைகொடுத்தார், அவ்வளவே. எமது கொப்பிகளில் வட்டமிட்ட ஆசிரியர்களும் அவ்வாறே எமக்குக் கைகொடுத்தவர்கள் என்பதை இப்பொழுது உணர்கின்றோம். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும், சிவப்பு மை ஏந்தும் ஆசிரியர்க்கும் நாம் கூறக்கூடியது ஒன்றுண்டு: வட்டம் இடுக, இட்டபின் காரணத்தையும் அருகே ஒருவரி எழுதுக. காரணம் அறியாத திருத்தம் அச்சத்தை வளர்க்கும். காரணம் அறிந்த திருத்தமே கல்வியாகும்.