போனில் எடுத்த படம் பிலிமில் பிறப்பது எப்படி? போலராய்டு தந்த எட்வின் லேண்ட் யார்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர் நடை. ராஜகோபுரம் முன்னால் குடும்பத்தோடு ஒரு செல்ஃபி, வழியில் ஒவ்வொரு லிங்கம் பக்கத்திலும் ஒன்று, மலைக்கு மேலே நிலா வந்ததும் நாலைந்து. நடந்து முடிக்கும்போது போனில் நூறு படமாவது சேர்ந்திருக்கும். அதில் எத்தனையை அடுத்த மாசம் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம்? ஸ்டோரேஜ் ஃபுல் என்று போன் சொல்லும்போதுதான் பல பேருக்கு அந்தப் படங்கள் ஞாபகத்துக்கே வரும்.

அந்த நூறில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, வெள்ளை ஓரம் வைத்த பழைய பாணி இன்ஸ்டன்ட் போட்டோவாக மாற்றித் தரும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. சாதாரண பிரிண்டர் மாதிரி மை தெளிக்கிற வேலை இல்லை இது. நிஜ பிலிம், நிஜ ரசாயனம். படம் கண் முன்னாலேயே மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரே மனிதர். அமெரிக்காவின் எட்வின் லேண்ட். போலராய்டு நிறுவனத்தை உருவாக்கியவர். 1991-ல் மறைந்தார்.

அவர் கண்டுபிடிப்பின் அருமை புரிய வேண்டுமானால் திருவண்ணாமலையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1950 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தார். ஆனால் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே பார்க்க வழி கிடையாது. பிலிமை இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்ட பிறகுதான் பார்க்க முடியும். அன்றைய உலகில் போட்டோ என்றாலே காத்திருப்புதான்.

அதே நேரத்தில் அமெரிக்கக் கடைகளில் ஒரே நிமிடத்தில் படம் தரும் கேமரா விற்பனைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது!

யார் இந்த எட்வின் லேண்ட்?

1909 மே 7-ம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தார். அப்பா பழைய இரும்பு வியாபாரி. சிறு வயதிலிருந்தே லேண்டுக்கு வெளிச்சத்தின் மேல் ஒரு பித்து. 1926-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு வருஷம் முடிவதற்குள் படிப்பை விட்டுவிட்டு நியூயார்க் போனார். பகலில் பொது நூலகத்தில் படிப்பு, இரவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதனை. அந்த ஆய்வகத்தில் நுழைய அவருக்கு அனுமதியே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

பிற்காலத்தில் எல்லோரும் அவரை டாக்டர் லேண்ட் என்றே அழைத்தார்கள். ஆனால் படித்து வாங்கிய பட்டம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. 1957-ல் ஹார்வர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

கொயினாவில் தொடங்கிய கதை

லேண்டின் முதல் கண்டுபிடிப்பு கேமரா இல்லீங்க. கண்கூசும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசுவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இதற்கு அவர் நம்பியது கொயினாவும் அயோடினும் சேர்ந்து உருவாகும் ஒரு வகைப் படிகம். மலேரியா மருந்தான அதே கொயினாதான். நம்ம நீலகிரி நடுவட்டத்தில் பிரிட்டிஷார் சின்கோனா மரம் வளர்த்ததும் இந்த மருந்துக்காகத்தான். ஒளியை ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டும் குணம் அந்தப் படிகத்துக்கு உண்டு என்பது 1852-லேயே தெரிந்த விஷயம். ஆனால் பெரிய படிகமாக வளர்க்க யாராலும் முடியவில்லை. லேண்ட் தலைகீழாக யோசித்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிப்பொடிப் படிகங்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நிற்க வைத்து ஒரு தாளாக்கினார். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 19.

1932-ல் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த ஜார்ஜ் வீல்ரைட்டோடு சேர்ந்து ஆய்வகம் தொடங்கினார். 1937-ல் அது போலராய்டு நிறுவனமானது. கார் கம்பெனிகள் அவருடைய ஹெட்லைட் யோசனையை ஏற்கவே இல்லை. ஆனால் கூலிங் கிளாஸ், கேமரா ஃபில்டர், இரண்டாம் உலகப்போரில் ராணுவக் கண்ணாடிகள் என்று வேறு பக்கம் வியாபாரம் பிக்கப் ஆச்சு.

மகள் கேட்ட ஒரு கேள்வி

1943 டிசம்பர். லேண்ட் குடும்பத்தோடு சான்டா ஃபே நகருக்கு விடுமுறைக்குப் போயிருந்தார். 3 வயது மகள் ஜெனிஃபரைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை இப்பவே ஏன் பார்க்க முடியாது என்று குழந்தை கேட்டாள்.

சாதாரணமாக அப்பாக்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். லேண்ட் தனியாக நடக்கப் போனார். அந்த நடையிலேயே கேமரா, பிலிம், ரசாயனம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று பெரும்பகுதி மனசில் உருவாகிவிட்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அதைச் செய்து காட்டத்தான் மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

1947 பிப்ரவரி 21-ம் தேதி நியூயார்க்கில் ஒளியியல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் தன்னையே படம் எடுத்துக்கொண்டார். 60 வினாடி கழித்துத் தாளைப் பிரித்தார். உள்ளே அவர் முகம்!

1948 நவம்பர் 26-ம் தேதி பாஸ்டன் நகரின் ஜோர்டன் மார்ஷ் கடையில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. எடை கிட்டத்தட்ட 2 கிலோ, விலை 89.75 டாலர். கொண்டுவந்த கேமராக்கள் அன்றைக்கே விற்றுத் தீர்ந்தன.

இது எப்படி வேலை செய்யுது?

சாதாரண பிலிமில் இருட்டறையில் நடக்கும் வேலையை லேண்ட் ஒரு தாளுக்குள்ளேயே அடக்கினார்.

* கேமராவுக்குள் நெகட்டிவ் தாள் ஒன்று, படம் விழ வேண்டிய தாள் ஒன்று. தாளின் ஓரத்தில் கூழ் போன்ற ரசாயனம் நிரப்பிய ஒரு சின்னப் பை.

* படம் எடுத்ததும் இரண்டு உருளைகளுக்கு நடுவே தாள் வெளியே வரும். அப்போது பை உடைந்து, கூழ் இரண்டு தாளுக்கும் நடுவில் சமமாகப் பரவும்.

* ஒளி பட்ட வெள்ளி உப்பு நெகட்டிவிலேயே தங்கிவிடும். ஒளி படாத உப்பு கரைந்து எதிர்த் தாளுக்குப் போய் கறுப்பாகப் படியும். அதுதான் படம்.

1963-ல் கலர் பிலிம் வந்தது. 1972-ல் வந்த எஸ்.எக்ஸ்.-70 தான் உச்சம். பிரிக்கத் தேவையில்லை, குப்பை இல்லை. கேமரா தானாகவே படத்தை வெளியே தள்ளும். வெளிச்சத்திலேயே படம் உருவாகும். இன்றைக்கு நாம் போலராய்டு என்றதும் நினைக்கும் வெள்ளை ஓரப் படம் இதன் வாரிசுதான்.

இன்னொரு ஆச்சரியம். 1970-ல் எடுத்த ஒரு நிறுவனப் படத்தில் லேண்ட் தன் சட்டைப் பையிலிருந்து பர்ஸ் மாதிரி ஒரு கறுப்புப் பொருளை எடுத்துக் காட்டுகிறார். எதிர்கால கேமரா இப்படித்தான் இருக்கும், பென்சில் மாதிரி தினமும் பயன்படும் என்று விளக்குகிறார். பார்த்தால் அப்படியே ஸ்மார்ட்போன்!

பெருமையோடு ஒரு கறையும்

உடனடிப் படம் எல்லோருக்கும் சந்தோஷத்தைத் தரவில்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதில் ஒட்டும் போட்டோவுக்குப் போலராய்டு கருவி பயன்பட்டது. 1970-ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும். அவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். ஹன்டர் வேலையை இழந்தார்.

அந்நாட்டு அரசுக்கு விற்பதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் அங்கிருந்த விநியோகஸ்தர் ரகசியமாக விற்பது 1977-ல் வெளியே வந்தது. அதன் பிறகே போலராய்டு அந்த நாட்டை விட்டு முழுசாக வெளியேறியது. அறிவியலில் அத்தனை வேகம் காட்டிய லேண்டின் நிறுவனம், இந்த விஷயத்தில் முடிவெடுக்க ஏழு வருஷம் எடுத்துக்கொண்டது.

சரிவு எங்கே தொடங்கியது?

1977-ல் லேண்ட் கொண்டுவந்த போலாவிஷன் என்ற உடனடி சினிமா கருவி படுதோல்வி. இரண்டரை நிமிஷப் படம், அதுவும் சத்தம் இல்லாமல். வீடியோ கேசட் வந்துகொண்டிருந்த நேரத்தில் இதை யார் வாங்குவார்கள்? பல கோடி டாலர் நஷ்டம். 1980-ல் தலைமைச் செயல் அதிகாரி பதவியையும், 1982-ல் தலைவர் பதவியையும் விட்டார்.

கோடாக் நிறுவனம் 1976-ல் இன்ஸ்டன்ட் கேமரா கொண்டுவந்தபோது போட்ட காப்புரிமை வழக்கில் மட்டும் வெற்றி கிடைத்தது. 1986-ல் கோடாக் இந்தத் தொழிலை விட்டே விலக வேண்டியதாயிற்று.

535 காப்புரிமைகள் பெற்றிருந்த லேண்ட், 1991 மார்ச் 1-ம் தேதி தன் 81-வது வயதில் காலமானார். டிஜிட்டல் கேமரா தன் நிறுவனத்தை விழுங்கியதை அவர் பார்க்கவில்லை. 2001-ல் போலராய்டு திவாலானது. 2008-ல் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது.

செத்துப்போன பிலிம் திரும்பி வந்த கதை

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சில ஆர்வலர்கள் வாங்கினார்கள். முயற்சிக்கு வைத்த பெயரே இம்பாசிபிள் ப்ராஜெக்ட். பழைய ரசாயனங்கள் பல கிடைக்காததால் ஃபார்முலாவையே புதுசாக உருவாக்க வேண்டியிருந்தது. 2010-ல் அவர்களுடைய முதல் பிலிம் வந்தது.

பிலிமை அழித்தது டிஜிட்டல் படம்தானே? அதையே பிலிமுக்குள் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார்கள். 2012-ல் போன் திரையிலிருந்தே படம் பிடிக்கும் இன்ஸ்டன்ட் லேப் கருவியை அறிவித்தார்கள். அதன் அடுத்த வடிவம்தான் 2019-ல் வந்த போலராய்டு லேப். செயலியில் படத்தைத் தேர்ந்தெடுத்து, போனைக் கவிழ்த்து மேலே வைக்க வேண்டும். திரையின் வெளிச்சம் லென்ஸ் வழியாகப் பிலிமில் விழும். அதாவது, போன் திரையையே கேமரா படம் எடுக்குது. அவ்வளவுதான்.

ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் போன் பிரிண்டர்கள் வேறு வழி. வயர் இல்லாமல் படத்தை வாங்கி, உள்ளே இருக்கும் ஒளிப்பட்டை மூலம் வரிவரியாகப் பிலிமில் ஒளி பாய்ச்சும். இரண்டிலும் கடைசியில் நடப்பது லேண்ட் கண்டுபிடித்த அதே உருளை, அதே கூழ் வித்தைதான்.

நம்ம ஊர் வெயிலில் கவனிக்க வேண்டியவை

* போலராய்டு பிலிமுக்கு ஏற்ற வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி. திருவண்ணாமலை கோடையில் வெளியே எடுத்தால் படத்தில் மஞ்சள், சிவப்பு ஏறும். ஏ.சி. அறையிலோ, இரவு குளிர்ந்த பிறகோ எடுப்பது நல்லது. இன்ஸ்டாக்ஸ் 40 டிகிரி வரை தாங்கும்.

* பிரிக்காத போலராய்டு பிலிமை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஃப்ரீசரில் கூடாது. நிறுத்தி வைத்த கார், வெயில் படும் பை இரண்டும் பிலிமுக்கு எதிரி.

* வெளியே வந்த படத்தை ஆட்டக் கூடாது. போலராய்டு கலர் படத்தைக் கவிழ்த்து வைத்து 15 நிமிஷம் காத்திருக்கணும்.

* ஒரு பேக்கில் போலராய்டு என்றால் 8, இன்ஸ்டாக்ஸ் மினி என்றால் 10 படங்கள்தான். நெகட்டிவ் தனியாகக் கிடையாது. சுவரில் வெயில் படும்படி மாட்டினால் நிறம் மங்கும். அதனால் போனில் இருக்கும் ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்.

காத்திருக்க முடியாத ஒரு குழந்தைக்காகப் பிறந்தது இந்தத் தொழில்நுட்பம். இன்று உடனே பார்க்கும் வசதி எல்லோர் போனிலும் இருக்கிறது. நம்மிடம் குறைவாக இருப்பது கையில் பிடிக்க, பர்ஸில் வைக்க, பாட்டியிடம் கொடுக்க ஒரு படம். பேக்கில் எட்டு தாள்தான் என்னும்போது, நூறில் எது முக்கியம் என்று நாமே உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றுக்கு எப்படியும் வீட்டில் ஒரு இடம் கிடைத்துவிடும்.