ஸர் ரொனால்டு ராஸ்

அற்பமென்று நாம் எண்ணும் பொருள்களுள் சில, மக்களின் வாழ்வையும் சாவையும் தம் வசத்திலே வைத்திருக்கின்றன. கையால் ஒரு தட்டுத் தட்ட மடிந்துபோகும் கொசு அத்தகையதோர் உயிர். படைகளைச் சிதைத்து, ஊர்களைப் பாழாக்கிய மலேரியாச் சுரத்தைப் பரப்புவது இச்சிறு பூச்சியே என்னும் உண்மைக்கு நம் இந்திய நாட்டிலிருந்தே சான்று கண்டவர் ஸர் ரொனால்டு ராஸ் ஆவர். அவர் வரலாறு வெற்றியின் கதை மட்டுமன்று. பூச்சிகளின் இனமறியாமையால் அறிவுடையோரும் எவ்வளவு காலம் இருளில் தடுமாற நேரும் என்பதையும் அது காட்டுகின்றது.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். அவர் தந்தையார் படையில் உயர்பதவி வகித்தவர். எட்டாம் வயதிலே கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்ற சிறுவனுடைய உள்ளம் கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலுமே படிந்தது. எனினும் மகன் வைத்தியனாக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். அதற்கிணங்கி லண்டனில் வைத்தியம் பயின்று, 1881ஆம் ஆண்டில் இந்திய வைத்திய உத்தியோகத்தில் அமர்ந்து, சென்னை மாகாணத்திற்கு வந்து சேர்ந்தார். ஆயினும் சில ஆண்டுகள் வரையில் செய்யுள் இயற்றுவதும் கணக்கு நூல்களில் ஆழ்வதுமே அவருக்கு இன்பமளித்தன.

1883ஆம் ஆண்டில் பெங்களூரில் அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத்தொல்லை மிகுந்திருந்தது. சன்னலருகே நின்ற தொட்டி நீரில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அந்நீரைக் கவிழ்த்துவிட்டார். கொசுக்களும் குறைந்தன. கொசுவை ஒழிக்கும் வழி அன்றே அவர் கைக்கு எட்டியது. ஆனால் கொசுவிற்கும் சுரத்திற்கும் உள்ள உறவு அப்பொழுது அவருக்குப் புலப்படவில்லை.

இதற்கு முன்னரே, 1880ஆம் ஆண்டில், லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அல்ஜீரியா நாட்டில் நோயாளிகளின் இரத்தத்திலே மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் எவ்வாறு செல்கின்றது? இவ்வினாவிற்கு விடை கொசுவிடமே இருத்தல்கூடும் என்று கருதியவர் பாட்ரிக் மான்ஸன் என்னும் அறிஞர். 1894ஆம் ஆண்டில் விடுமுறையில் லண்டன் சென்றிருந்த ராஸுக்கு அவர் அக்கிருமிகளைப் பூதக்கண்ணாடியில் காட்டித் தம் கருத்தையும் விளக்கினார். அன்று தொட்டு ராஸின் வாழ்வு புதுவழியிற் சென்றது.

1895ஆம் ஆண்டில் அவர் சிக்கந்தராபாத்துக்குத் திரும்பித் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சுரநோயாளிகளைக் கொசுக்கள் கடிக்குமாறு செய்து, பின்பு அக்கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இரண்டாண்டுகள் கழிந்தும் பயன் யாதும் காணவில்லை. காரணம் யாது? அவர் அறுத்தவை மக்கட்குரிய மலேரியாவைச் சுமவாத சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களுமே. கொசுக்களுள் எத்தனையோ இனங்கள் உண்டென்பதையும், ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனி இயல்பு உண்டென்பதையும் கற்பிக்கத்தக்க பூச்சி நூல் ஒன்றும் அவர் கையில் இல்லை. 1897ஆம் ஆண்டில் நீலகிரியை அடுத்த சீகூர்ப் பள்ளத்தாக்கில் ஆராயச் சென்றவிடத்து, அவரே மலேரியாச் சுரத்தால் பீடிக்கப்பட்டார்.

மனந்தளராத ராஸ், பின்னர்ப் புள்ளியிட்ட சிறகுகளையுடைய வேறோர் இனக் கொசுவைக் கண்டார். அது சுவரில் தலை தாழ்த்தி வால் உயர்த்தி அமர்வது. அதன் முட்டைகள் ஓடம் போன்ற வடிவுடையன. அதுவே இக்காலத்தார் அனாபிலிஸ் என்று வழங்கும் இனம். ஹுசேன் கான் என்னும் நோயாளி, கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றுத் தம் உடலை அவற்றிற்கு இரையாக அளித்தார். கோடைப் புழுக்கத்தில், விசிறி வீசினால் கொசுக்கள் பறந்துவிடுமென்று அஞ்சி, அதனையும் நிறுத்திவிட்டு ராஸ் உழைத்தார். நெற்றி வியர்வையால் பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்தன. ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், எஞ்சியிருந்த மிகச் சில கொசுக்களுள் ஒன்றன் இரைப்பைச் சுவரிலே, கரும்பொடி நிறைந்த வட்டமான உயிரணுக்கள் தோன்றின. அக்கரும்பொடி மலேரியாக் கிருமியிற் காணப்படும் அதே பொருள். நெடுநாள் மூடியிருந்த கதவு திறந்தது.

ஆனால் அடுத்த மாதமே, மலேரியா அரிதாகிய ராஜபுதனத்துக் கேர்வாராவிற்கு அவர் மாற்றப்பட்டார், ஆராய்ச்சி தடைப்பட்டது. 1898ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு வந்தபின், பறவைகட்கு வரும் மலேரியாவை ஆராயலானார். அங்கே, முன்பு பயனற்றதென்று கைவிட்ட சாம்பல் நிறக் கொசுவே பறவைகளின் கிருமியைச் சுமப்பதைக் கண்டார். கிருமிகள் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடிக்கும்பொழுது நோயற்ற குருவியின் உடலிற் புகுவதையும் ஜூலை மாதத்தில் மெய்ப்பித்தார். அவ்வாண்டின் இறுதியில் கிராஸி முதலிய இத்தாலிய அறிஞர்கள், மக்கட்குரிய மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை முழுமையாக நிறுவினர்.

1899ஆம் ஆண்டில் ராஸ் உத்தியோகத்தை விட்டு லிவர்ப்பூலில் ஆசிரியரானார். மேற்கு ஆப்பிரிக்காவிலும், சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவிலும் தேங்கிய நீரை அகற்றிக் கொசுவை ஒழிக்கும் வழிகளை வகுத்தார். 1902ஆம் ஆண்டில் வைத்தியத்திற்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. நோய் பரவும் விதத்தைக் கணக்கியல் முறையால் ஆராய்ந்ததும் அவர் தொண்டுகளுள் ஒன்று. எனினும் கிராஸியோடு முதன்மை பற்றி நெடுங்காலம் பிணங்கியது அவர் புகழுக்கு ஒரு மறுவேயாம். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் லண்டனில் அவர் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்காள்! இற்றை நாளிலும் மலேரியாவால் உலகில் ஆண்டுதோறும் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். அவருட் பெரும்பாலார் ஆப்பிரிக்கக் குழந்தைகள். மருந்துகளும் தடுப்பூசிகளும் வந்துள்ளபோதிலும், எவ்வினக் கொசு எந்நீரில் முட்டையிடும் என்றறிந்து தடுப்பதே இன்றும் காவலுக்கு அடிப்படை. இரண்டாண்டு உழைப்புக்குப் பின் ராஸுக்குக் கைகொடுத்தது ஒரு சிறகின் புள்ளியும் ஒரு பூச்சி அமரும் நிலையுமே. ஆகவே, பூச்சி நூலைப் பயனற்ற வேடிக்கைக் கல்வியென்று எவரும் இகழற்க. ராஸின் பெயரை நினைக்குந்தோறும், ஓரணாவிற்குத் தம் குருதியை அளித்த ஹுசேன் கானையும் நினைத்தல் நம் கடனாகும்.