சொல்லித் தொடங்கிய நாவலாசிரியை

எழுதத் தெரியாத ஒரு பெண் நூலாசிரியராக இயலுமோ? இயலும் என்பதற்குத் தமிழில் ஒரு சான்று உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாளின் பெயரை அறியாத வாசகர் அக்காலத்தில் அரியர். அவர் தம் முதல் நூலைத் தம் கையால் எழுதவில்லை என்பதை அறிந்தவர் இன்று சிலரே.

1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், திருவல்லிக்கேணியில் ஒரு வைணவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயை மிக இளமையிலேயே இழந்தார். ஐந்தரை வயதில் மணம் முடிந்தது. மணமகன் வை. மு. பார்த்தசாரதியும் அப்பொழுது சிறுவரே. பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துக்களும் வைத்தமாநிதி முடும்பை என்னும் புக்ககத்துக் குடிப்பெயரைக் குறிப்பன. பள்ளிக்கூடத்தின் படியை அவர் மிதித்ததில்லை. வீட்டுப் பெரியோர் ஓதிய திவ்வியப் பிரபந்தமும், மாமியார் கற்பித்த தெலுங்கும், செவிவழிக் கேட்ட கதைகளுமே அவருடைய கல்வி.

வீட்டுக் குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு புதுப்புதுக் கதைகள் புனைந்து சொல்வது அவருக்கு இயல்பாயிற்று. கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். அவற்றைக் கண்டபின், தாமும் ஒன்று இயற்றலாம் என்னும் ஆசை எழுந்தது. ஆசை எழுந்ததே ஒழிய, கை எழுதப் பழகவில்லை. இங்கேதான் பட்டம்மாள் என்னும் தோழி வருகிறார். கோதைநாயகி சொல்லச் சொல்ல அத்தோழி எழுதினார். இவ்வாறு பிறந்த 'இந்திரமோகனா' என்னும் நாடகம் 1924இல் அச்சேறியது. பின்னர் அதே தோழியிடம் எழுதக் கற்றுக்கொண்டார், நூலுக்கு உரியவரான பின் எழுத்தறிந்த அந்த இளம் மனைவி! பட்டம்மாளுக்கு நம் இலக்கிய வரலாற்றில் ஒரு வரியேனும் ஒதுக்கவேண்டாமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இச்செய்தி நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் நமக்கு வியப்பளிக்காது. லயத்து வாசலில் எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தைப் பாட, கொழுந்து பறித்து மீண்ட பெண்கள் சூழ்ந்து கேட்ட காலம் நெடுங்காலம் இருந்தது. கேட்டே கற்றோரின் பரம்பரை நம்முடையது. கோதைநாயகி சென்னையில் மேடையேறிய அதே காலத்தில், நம் மலைநாட்டில் மீனாட்சியம்மாள் நடேசையர் தொழிலாளர் கூட்டங்களில் பாடிப் பாடியே மக்களை எழுப்பினார். இருவருக்கும் குரலே முதற் கருவி.

1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் இதழைக் கோதைநாயகி ஏற்று நடத்தத் தொடங்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கம் இதற்குத் துணை நின்றது. அதில் 'வைதேகி' தொடராக வெளிவந்தது. ஒரு பெண் காதற்கதை எழுதுவதையும், பத்திரிகை நடத்துவதையும், மேடையில் பேசுவதையும் பழித்தவர் பலர். கணவர் உறுதியாகத் துணை நின்றார். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள், போர்க்காலக் காகிதப் பஞ்சத்தையும் கடந்து, இதழ் அவர் கையில் நடந்தது. நாவல்கள் 115 என்பர்.

அக்கதைகளில் காதலர் பிரிவர்; ஆள் மாறாட்டம் நிகழும்; துப்பறிதலும் இடையே புகும்; நகைச்சுவைக்கும் குறைவில்லை; இறுதியில் பெரும்பாலும் மங்கலமே. நடுவே கதையை நிறுத்தி அறிவுரை கூறும் வழக்கமும், எதிர்பாராச் சந்திப்புகளால் சிக்கலை அவிழ்க்கும் வழக்கமும் குறைகளே; மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றில் வரும் இளம்பெண் தன் மனத்தைத் தானே அறிந்துகொள்ளத் தொடங்குகிறாள். கல்வியை விரும்புகிறாள், கைம்பெண்ணின் மறுமணத்தைப் பற்றி வாய் திறந்து பேசுகிறாள். அடுக்களையில் ஒளித்துவைத்துப் படித்த பெண்களுக்கு இது சிறு செய்தியன்று. கலைத்தராசு ஒன்றை மட்டும் கொண்டு இந்நாவல்களை நிறுத்த திறனாய்வாளர், அவற்றைப் படிக்கவென்றே எழுத்துக்கூட்டக் கற்ற பெண்களை எடையில் சேர்க்க மறந்தனர்.

1925இல் காந்தியடிகளைக் கண்டபின், பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தார். கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டு 1931இல் சிறை சென்றார். சிறையிலும் கதைகள் பிறந்தன. நல்ல இசைவாணருமான அவர், கூட்டங்களில் நாட்டுப் பாடல்களைப் பாடினார்.

1956இல் ஒரே மைந்தர் சீனிவாசன் மறைந்தார். அத்துயரிலிருந்து அம்மையார் மீளவில்லை; காச நோயும் பற்றிக்கொண்டது. 1960 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் காலமானார். ஆறு ஆண்டுகளுக்குப்பின், அவருடைய 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்னும் திரைப்படமாகி, அவர் பெயரை அறியாத பல்லாயிரம் பெண்களைக் கண்ணீர் சிந்த வைத்தது.