ஆடுபன் வரைந்த பறவைகள்: பின்னணியை வரைந்த சிறுவன் யார்?

பறவை ஓவியம்னாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று ஜான் ஜேம்ஸ் ஆடுபன். 1785-ல் இன்றைய ஹைட்டியில் பிறந்தார். பிரான்ஸில் வளர்ந்தார். 18 வயதில் அமெரிக்கா போனார். அங்கே செய்த வியாபாரம் நொடித்துப்போக, 1819-ல் கடனுக்காகச் சிறைக்கும் போனார். கையில் மிஞ்சியது ஓவியம் மட்டும்தான்.

அமெரிக்கப் பறவைகளை எல்லாம் நிஜ அளவிலேயே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தார். 1820-ல் படகேறி மிசிசிப்பி ஆற்றின் வழியே தெற்கே போனார். கூடவே போனது 13 வயது மாணவன் ஜோசப் மேசன்.

எப்படி வரைந்தார்?

சுட்ட பறவையைக் கம்பிகளால் பலகையில் பொருத்தி, உயிரோடு இருப்பதுபோல நிறுத்துவார். முதலில் பென்சில் கோடு. அதன்மேல் வாட்டர்கலர், அடுக்கு அடுக்காக. இறகின் மென்மைக்குப் பேஸ்டல். கடைசியில் மறுபடியும் பென்சில். இறகில் தெரியும் பளபளப்புக்கு அதுதான் காரணம்.

சரி, பறவை உட்கார்ந்திருக்கும் கிளை, இலை, பூ? அதையெல்லாம் வரைந்தது மேசன். 1822-ல் ஊர் திரும்புவதற்குள் 50-க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பின்னணி வரைந்துவிட்டான். அது வெறும் அலங்காரம் இல்லை. அந்தச் செடிகள் இல்லாவிட்டால், அவை வெள்ளைத்தாளில் நிற்கும் பறவைகள்தான். பின்னாளில் ஜார்ஜ் லேமன் நிலக்காட்சிகளையும், மரியா மார்ட்டின் செடிகளையும் வரைந்து கொடுத்தார்கள்.

பெயர் எங்கே?

1827 முதல் 1838 வரை 435 படங்கள் வெளிவந்தன. பெரும்பாலானவற்றை லண்டனில் ராபர்ட் ஹாவெல் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். வண்ணம் தீட்டியது கைகளால். அச்சான படங்களில் ஆடுபன் பெயர் உண்டு, ஹாவெல் பெயரும் உண்டு. மேசன் பெயர் மட்டும் இல்லை.

1851-ல் ஆடுபன் நியூயார்க்கில் காலமானார். 2010-ல் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி லண்டன் ஏலத்தில் 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அந்தப் பக்கங்களில் பலவற்றில் இருப்பது, பெயர் போடப்படாத ஒரு சிறுவனின் வேலையும்தான். இன்று ஆய்வாளர்கள் மேசன் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். டீமாக வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்: வேலையைப் பகிர்ந்தால், பெயரையும் பகிரணும்.