பாரதி பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்: ஏன்?

செப்டம்பர், டிசம்பர் வந்தாலே ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் பாரதி பாட்டுதான். பழைய ரெக்கார்டு மறுபடி வெளிவரும், பக்கத்திலேயே ஒரு ராப் ஆல்பமும் வரும். இத்தனை பேர் பாடுகிறார்களே, இதற்கெல்லாம் ராயல்டி யாருக்குப் போகுது? யாருக்கும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பாட்டுகளுக்கும் பூட்டு இருந்தது.

1908இல் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தார் சுப்பிரமணிய பாரதி. வயது 25. 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்தே நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவில் அதற்குத் தடை போட்டார்கள். 1910இல் பத்திரிகை நின்றது. வருமானமும் போச்சு. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்', முத்தியால்பேட்டைத் தோப்பு தந்த 'குயில் பாட்டு' எல்லாம் புதுச்சேரி வருஷங்களில் பிறந்தவை.

பாரதிக்குப் பாட்டு என்றால் வாய்விட்டுப் பாடுவது. பல பாடல்களுக்கு ராகம், தாளம் அவரே குறித்து வைத்தார். அர்த்தம் புரியாமல் பாடும் வித்வான்களைக் கட்டுரையில் ஒரு பிடி பிடித்தார். ஏற்றப்பாட்டும் நெல் குத்துகிற பெண்கள் பாட்டும் அவரை மயக்கின. இவ்வளவு பாடியவரின் குரல் ஒரு இசைத்தட்டில்கூட இல்லை என்பதுதான் கொடுமை.

1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது. 1920இல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் போட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீடு வீடாக விற்கத் திட்டம் போட்டார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார். வயது 38.

மனைவி செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' தொடங்கிப் புத்தகம் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. பதிப்புரிமை பாரதியின் தம்பி விசுவநாதனிடம் போனது. இசைத்தட்டு உரிமை தனியாக ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. கிராமபோனும் ரேடியோவும் பரவ, அதன் மதிப்பு எகிறியது. 1940களில் அதை வாங்கினார் ஏவி.மெய்யப்பன். 1947இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன.

சிக்கல் 1948இல் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு. உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். வழக்குப் போட்டது. நாட்டுக்குப் பாடிய கவிஞரின் பாட்டு தனியார் சொத்தா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள்.

1949 மார்ச்சில் உரிமையை அரசே ஏற்கும் என அறிவித்தார் சென்னை மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். மெய்யப்பன் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய், செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். சில வருஷங்களில் அரசும் உரிமையைப் பொதுமக்களுக்கே விட்டது. இல்லையென்றால் அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு, அதாவது 1971 வரை காத்திருக்கணும்.

1961இல் 'கப்பலோட்டிய தமிழன்', 1982இல் 'ஏழாவது மனிதன்', 2000இல் 'பாரதி' என்று பாரதி பாடல்களால் நிறைந்த படங்கள் வந்தன.

ஒரு விஷயம் கவனம். பாரதியின் வரிகள்தான் இலவசம். மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. 'ஏழாவது மனிதன்' பாட்டை அப்படியே ரீல்ஸில் போட்டால் லேபிள் கேள்வி கேட்கலாம். சொந்த மெட்டில் பாடினால் ஒருத்தரும் கேட்க முடியாது.